புது கேமரா மக்கர்... கை விரிக்கும் கடை, கை காட்டும் கம்பெனி! வாரண்டி கார்டை நம்பலாமா?

பெரம்பலூர்: கல்யாண சீசன் தொடங்கும் முன்பு ஒரு புது கேமரா வாங்கிவிட வேண்டும் என்பது பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் ஸ்டூடியோ வைத்திருக்கும் பலரின் கணக்கு. வீட்டு நகையை அடகு வைத்து வாங்குகிறவர்கள் உண்டு. மாதத் தவணையில் வாங்குகிறவர்களும் உண்டு. பாடி, லென்ஸ், பிளாஷ், பேட்டரி, மெமரி கார்டு என்று சேர்த்தால் பில் லட்சத்தைத் தொட்டுவிடும். அப்படி வாங்கிய கேமரா இரண்டாவது முகூர்த்தத்திலேயே 'எரர்' காட்டி நின்றுபோனால்? தாலி கட்டும் நேரத்துக்கு ரீடேக் கிடையாது.

கேமரா மக்கர் செய்வதைவிட பெரிய தலைவலி அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. வாங்கிய கடைக்கு ஓடினால் பதில் ரெடியாக இருக்கும்.

"தம்பி, நாங்க வித்ததோட சரி. இனிமே கம்பெனி சர்வீஸ் சென்டரைத்தான் பாக்கணும்."

"அண்ணே, காசு ஒங்க கையிலதானே குடுத்தேன்? கம்பெனிக்காரன் முகத்தையே நான் பாத்ததில்லையே."

"அதுக்கு நான் என்ன தம்பி பண்றது? வாரண்டி குடுத்தது அவங்கதானே."

இந்த மூணு வரி பேச்சு கேமரா கடையில் மட்டும் நடப்பதல்ல. செல்போன், டி.வி., மிக்சி என்று எதற்கும் இதே வசனம்தான். சர்வீஸ் சென்டரோ பெரும்பாலும் திருச்சியில் அல்லது சென்னையில் இருக்கும். ஜெயங்கொண்டத்திலோ ஆண்டிமடத்திலோ இருப்பவருக்கு ஒரு நாள் பிழைப்பு போச்சு, பஸ் செலவும் போச்சு. அங்கே போனால், 'உள்ளே தண்ணீர் போயிருக்கு, கீழே விழுந்திருக்கு, வாரண்டி கிடையாது' என்று ஒரு குண்டைத் தூக்கிப் போடுவார்கள். சரி பண்ண கேட்கிற தொகையில் பழைய கேமரா ஒன்றே வாங்கிவிடலாம். பலர் இந்த இடத்திலேயே மனசு விட்டுப்போய், 'நம்ம நேரம் சரியில்லை' என்று புலம்பியபடி ஊர் திரும்பிவிடுகிறார்கள்.

ஆனால் சட்டம் கடைக்காரர் சொல்வது போல இல்லை என்பதுதான் விஷயமே.

1986-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு சட்டம் போய், 2019-ல் நிறைவேறிய புது சட்டம் 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. அதில் 'வியாபாரி' என்ற வார்த்தைக்கு விற்பவர், தயாரிப்பவர் இரண்டு பேரும் அடக்கம். எனவே பழுதான கேமராவுக்காக வழக்கு போடுகிறவர் கடையையும் கம்பெனியையும் சேர்த்தே எதிர்மனுதாரர் ஆக்கலாம். தப்பு யார் மீது, பணத்தை யார் கொடுக்க வேண்டும் என்பதை ஆணையம் பார்த்துக்கொள்ளும். 'நான் வித்ததோட சரி' என்று கடை ஒதுங்கிக்கொள்ள முடியாது.

'ஒருமுறை விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று பில்லின் அடியில் அச்சடித்து வைத்திருப்பார்கள். அதைப் பார்த்ததும் வாங்கியவர் வாயை மூடிக்கொள்கிறார். பழுதான பொருள் விஷயத்தில் இந்த வரி செல்லாது. பழுதான பொருளை திரும்ப வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுக்க மறுப்பதை நியாயமற்ற வணிக முறை என்றே 2019 சட்டம் சொல்கிறது. பில்லில் ஏதாவது கெடு போட்டிருந்தால் அதற்குள், கெடு எதுவும் இல்லாவிட்டால் 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். ஆனால் ஒன்று. கலர் பிடிக்கவில்லை, பக்கத்து ஸ்டூடியோக்காரர் வேறு மாடல் வாங்கிவிட்டார் என்பதற்கெல்லாம் இது பொருந்தாது. பழுது இருக்க வேண்டும்.

'நீ தொழில் பண்றவன்' என்றால்...

கேமராக்காரர்களை மடக்க கம்பெனி வக்கீல்கள் எடுக்கும் முக்கியமான ஆயுதம் ஒன்று இருக்கிறது. 'இவர் சொந்த உபயோகத்துக்கு வாங்கவில்லை, சம்பாதிக்க வாங்கினார். இவர் நுகர்வோரே இல்லை' என்பார்கள். வணிக நோக்கத்துக்கு வாங்குகிறவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று சட்டத்தில் இருப்பது உண்மைதான். அதைக் கேட்டதும் ஸ்டூடியோக்காரருக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும்.

இதற்கு 1995-லேயே சுப்ரீம் கோர்ட்டு பதில் சொல்லிவிட்டது. அந்த வழக்கில் தமிழ்நாட்டுக்கும் தொடர்பு உண்டு. கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் தயாரித்த ஒரு எந்திரத்தை மகாராஷ்டிராவைச் சேர்ந்த லட்சுமி என்ஜினீயரிங் ஒர்க்ஸ் என்ற நிறுவனம் வாங்கியது. எந்திரம் சரியில்லை என்று தகராறு. வாங்கியது பெரிய அளவில் லாபத்துக்கு என்பதால் அந்த நிறுவனம் நுகர்வோர் இல்லை என்று தீர்ப்பானது. நிறுவனம் தோற்றது. ஆனால் அதே தீர்ப்பில் சின்ன தொழிலாளிகளுக்கு ஒரு பெரிய கதவைத் திறந்துவிட்டார்கள். தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்குகிறவர், தானே ஓட்ட லாரி வாங்குகிறவர், தானே வேலை செய்ய லேத் மிஷின் வாங்குகிறவர் எல்லாம் நுகர்வோர்தான். ஒன்றிரண்டு பேரை உதவிக்கு வைத்திருந்தாலும் நுகர்வோர்தான் என்று கோர்ட்டு விளக்கம் கொடுத்தது. பிழைப்புக்காக சுயதொழிலில் பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கம் ஆகாது என்ற விதி 2019 சட்டத்திலும் இருக்கிறது.

ஆட்டோவுக்கு உள்ள நியாயம்தான் கேமராவுக்கும். தானே தோளில் மாட்டிக்கொண்டு குன்னத்துக்கும் செந்துறைக்கும் கல்யாணம் எடுக்கப் போகிறவர், லைட் பிடிக்க ஒரு பையனை வைத்திருப்பவர், இந்த விளக்கத்துக்குள் தாராளமாக வருவார். பத்து கேமரா வாங்கி ஆள் போட்டு கம்பெனி நடத்துகிறவர் கதை வேறு. எனவே மனுவில், 'இது என் பிழைப்புக்காக நானே பயன்படுத்தும் கேமரா' என்ற ஒரு வரியை மறக்காமல் எழுத வேண்டும். இந்த ஒரு வரி விட்டுப்போனால் எதிர்தரப்பு அங்கேயே பிடித்துக்கொள்ளும்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. கேமரா நின்றுபோய் கல்யாண போட்டோ வராமல் போனால், பெண் வீட்டார் இதே சட்டத்தில் சேவைக் குறைபாடு என்று கேமராக்காரர் மீது வழக்கு போட முடியும். கம்பெனியிடம் அவர் நுகர்வோர். கல்யாண வீட்டில் அவர் சேவை கொடுப்பவர். இரண்டு பக்கமும் இடி வாங்கும் மத்தளம் மாதிரிதான் அவர் நிலை. கையில் இன்னொரு பழைய கேமராவாவது இல்லாமல் முகூர்த்தத்துக்குப் போகக்கூடாது என்று தொழிலில் மூத்தவர்கள் சொல்வது இதனால்தான்.

பில் வேணுமா, வேண்டாமா?

உண்மையில் நம் ஊர்க்காரர்கள் கோட்டை விடுவது சட்டத்தில் இல்லை. பில்லில்தான். டிஜிட்டல் கேமராவுக்கு ஜி.எஸ்.டி. 2019 ஜனவரியில் 28 சதவீதத்தில் இருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. 18 சதவீதம் என்றாலும் 80 ஆயிரம் ரூபாய் பொருளுக்கு வரி 14 ஆயிரத்து 400 ரூபாய். 'பில் இல்லாம எடுத்துக்கிட்டா கொறச்சு தர்றேன்' என்று யாராவது சொன்னால் ஆசை வரத்தான் செய்யும். அந்த 14 ஆயிரத்தை மிச்சம் பிடித்தவர், கேமரா பழுதானால் 80 ஆயிரத்துக்கும் சேர்த்து துண்டைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். எங்கே வாங்கினார், என்றைக்கு வாங்கினார், எவ்வளவு கொடுத்தார் என்று நிரூபிக்க வேறு காகிதம் இருக்காது. பில் கேட்டும் கொடுக்காமல் இருப்பதும் சட்டப்படி நியாயமற்ற வணிக முறைதான். ஆனால் கேட்கவே இல்லை என்றால்?

பில் இருந்தால் மட்டும் போதாது. கேமராவின் அடியில் உள்ள சீரியல் நம்பர், அட்டைப்பெட்டியில் உள்ள நம்பர், பில்லில் எழுதிய நம்பர் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். 'கேமரா - 1' என்று மட்டும் எழுதிக் கொடுக்கும் பில் பாதி பில்தான். கடையை விட்டு இறங்கும் முன்பே இதைப் பார்த்துவிட வேண்டும்.

வெளிநாட்டு கேமரா விவகாரம் இன்னும் சிக்கல். பெரம்பலூர் மாவட்டத்தில் லப்பைக்குடிக்காடு போன்ற ஊர்களில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடா நாட்டில் இருப்பது சகஜம். ஊருக்கு வரும்போது 'மச்சானுக்கு ஒரு கேமரா' என்று வாங்கி வருவார்கள். அங்கே விலையும் கம்மியாகத் தெரியும். ஆனால் கேமரா கம்பெனிகள் பலவும் எந்த நாட்டில் முறைப்படி விற்றதோ அந்த நாட்டில்தான் வாரண்டி கொடுக்கின்றன. சில கம்பெனிகள் சில பொருளுக்கு மட்டும் உலக வாரண்டி கொடுப்பதுண்டு. கார்டில் எந்தெந்த நாட்டின் பெயர் போட்டிருக்கிறது என்று பார்க்காமல் வாங்கினால், இங்கே உள்ள சர்வீஸ் சென்டர் 'இது எங்க பொருள் இல்லை' என்று சொல்லிவிடும். சென்னையில் சில கடைகளில் மலிவாகக் கிடைக்கும் 'இம்போர்ட்டட்' கேமராவுக்கும் இதே கதிதான். அதற்கு கொடுக்கும் வாரண்டி கம்பெனி வாரண்டி அல்ல, கடை வாரண்டி. கடை இருக்கும் வரைதான் அதுவும்.

தூசு என்று சொன்னார்கள்

'நீங்க வச்சிருந்த விதம் சரியில்லை, தூசு போயிருக்கு' என்பது சர்வீஸ் சென்டர்கள் சொல்லும் இன்னொரு காரணம். அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரியும் சிமெண்ட் ஆலையும் இருப்பதால் இங்கே உள்ளவர்கள் இதை அப்படியே நம்பியும் விடுவார்கள். ஆனால் தூசு என்று சொன்ன ஒரு உலகப்புகழ் கம்பெனி எப்படி மாட்டிக்கொண்டது என்பது தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

ஜப்பானின் நிக்கான் கம்பெனி 2012 செப்டம்பரில் டி600 என்ற கேமராவை விற்பனைக்கு விட்டது. கொஞ்ச நாளிலேயே படத்தில் கரும்புள்ளிகள் விழுகின்றன என்று பல நாட்டில் இருந்தும் புகார். துடைத்தாலும் திரும்பத் திரும்ப வந்தது. 2013 அக்டோபரில் கம்பெனி டி610 என்ற அடுத்த மாடலை இறக்கிவிட்டது. டி600 வாங்கியவர்கள் கொதித்துப்போனார்கள். 2014 பிப்ரவரியில், வாரண்டி முடிந்திருந்தாலும் டி600-ஐ இலவசமாக சோதித்து, சுத்தம் செய்து, ஷட்டரையும் மாற்றித் தருவதாக நிக்கான் அறிவித்தது.

அதோடு முடியவில்லை. உலக நுகர்வோர் தினமான மார்ச் 15 அன்று சீன அரசு டி.வி. ஆண்டுதோறும் ஒரு நிகழ்ச்சி நடத்தும். எந்தக் கம்பெனி பெயர் வருமோ என்று பெரிய பெரிய நிறுவனங்களே நடுங்கும் நிகழ்ச்சி அது. 2014-ல் அதில் நிக்கான் சிக்கியது. புள்ளிக்கு காரணம் ஊரில் உள்ள புகைமூட்டம் என்று சர்வீஸ் ஊழியர் சமாளித்ததை அந்த நிகழ்ச்சி காட்டியது. அடுத்து சீன அதிகாரிகள் டி600 விற்பனையை நிறுத்த உத்தரவிட்டனர். பலமுறை சர்வீஸ் செய்தும் சரியாகாத கேமராவுக்கு பதிலாக வேறு கேமரா தருவதாக கம்பெனி இறங்கி வந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த கேமராக்காரர்கள் ஜெயித்த விதம். ஒரே மாடலில் ஒரே குறை பலருக்கும் வந்திருக்கிறது என்பதை படத்தோடு காட்டினார்கள். தேதி போட்டு வைத்திருந்தார்கள். நம் ஊரில் ஒரே மாடல் வாங்கிய நாலு ஸ்டூடியோக்காரர்கள் டீக்கடையில் சேர்ந்து புலம்புவார்கள், காகிதத்தில் ஒன்றும் இருக்காது.

காகிதம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. சர்வீஸ் சென்டரில் கேமராவைக் கொடுக்கும்போது ஜாப் ஷீட் வாங்க வேண்டும். 'செக் பண்ண வந்தது' என்று பொத்தாம் பொதுவாக எழுதவிடாமல், என்ன குறை என்று எழுதச் சொல்ல வேண்டும். 'தண்ணீர் போயிருக்கு' என்று சொன்னால், பிரித்துக் காட்டச் சொல்லி செல்போனில் போட்டோ எடுத்துக்கொண்டு, காரணத்தை எழுதியும் கேட்க வேண்டும். கேமராக்காரரிடம் போட்டோ எடுக்கச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் இந்த ஒரு போட்டோவை மட்டும் எடுக்காமல் வந்துவிடுகிறார்கள். நடுவில் லோக்கல் மெக்கானிக்கிடம் திறந்து பார்க்கக் கொடுத்தால் அவ்வளவுதான். 'வெளியாள் கை வைத்துவிட்டார்' என்று வாரண்டியையே ரத்து செய்துவிடுவார்கள்.

எங்கே போவது?

முதலில் 1915 என்ற இலவச நம்பர். தேசிய நுகர்வோர் உதவி மையம். தமிழிலும் பேசலாம். புகாரை கம்பெனிக்கு அனுப்பி பதில் வாங்கித் தருவார்கள். இது கோர்ட்டு இல்லை, உத்தரவு போடும் அதிகாரமும் இல்லை. ஆனால் கடைக்காரர் போனை எடுக்காதபோது கம்பெனியின் மேலிடத்துக்கு விஷயம் போய்ச்சேர இது ஒரு வழி. ஆன்லைனில் வாங்கியிருந்தால், 2020-ல் வந்த இ-காமர்ஸ் விதிப்படி அந்த தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் தனித்தனியாக இருக்கிறது. பழைய சட்டத்தில் எதிர்தரப்பு இருக்கும் ஊரில் அல்லது பிரச்சினை நடந்த ஊரில்தான் வழக்கு போட முடியும். சென்னையில் வாங்கியவர் சென்னைக்கு அலைந்தார். இப்போது புகார் கொடுப்பவர் வசிக்கும் ஊரிலேயே, வேலை பார்க்கும் ஊரிலேயே போடலாம். கேமராவை எங்கே வாங்கியிருந்தாலும் உடையார்பாளையத்துக்காரர் அரியலூரில் வழக்கு போடலாம், வேப்பந்தட்டைக்காரர் பெரம்பலூரில் போடலாம். அலைய வேண்டியது கம்பெனிதான்.

கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணம் ஒரு ரூபாய்கூட கிடையாது. வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 2025 ஜனவரி 1-ந் தேதி தொடங்கிய இ-ஜாக்ரிதி என்ற அரசு இணையதளத்தில் ஆன்லைனிலேயே மனு போடலாம். பிரச்சினை எழுந்து 2 வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும் என்பதுதான் முக்கியம். 'இன்னைக்கு சரி பண்ணித் தர்றோம், நாளைக்கு தர்றோம்' என்று கடையில் இழுத்தடிப்பதை நம்பிக்கொண்டே இருந்தால் இந்த 2 வருஷம் கண்ணுக்கு முன்னாடி ஓடிவிடும்.

சின்ன தொகைக்கு யார் கோர்ட்டுக்குப் போவார் என்று நினைப்பவர்கள் பக்கத்தில் உள்ள விழுப்புரத்தைப் பார்க்கலாம். 25 சாப்பாடு பார்சல் வாங்கியவர், அதில் ஊறுகாய் வைக்கவில்லை என்று ஓட்டல் மீது வழக்கு போட்டார். ஊறுகாய்க்கு 25 ரூபாய், மன உளைச்சலுக்கும் வழக்கு செலவுக்கும் சேர்த்து 35 ஆயிரம் ரூபாய் கொடுக்க 2024 ஜூலையில் விழுப்புரம் ஆணையம் உத்தரவிட்டது. ஊறுகாய்க்கே இந்த நிலை என்றால் லட்ச ரூபாய் கேமராவுக்கு ஏன் தயங்க வேண்டும்?

கேட்டதெல்லாம் கிடைக்குமா?

கிடைக்காது. அதையும் சொல்லியாக வேண்டும். பழுதை நீக்கித் தர, பொருளை மாற்றித் தர, பணத்தைத் திருப்பித் தர, நஷ்டஈடு கொடுக்க என்று எதற்கும் உத்தரவிட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் 'புது கேமராதான் வேணும்' என்று ஒற்றைக்காலில் நிற்பவருக்கு எல்லா நேரமும் அது கிடைப்பதில்லை. 2006-ல் மாருதி கார் வழக்கு ஒன்றில், வாரண்டியில் சொன்னது பழுதான பாகத்தை சரிசெய்வதும் மாற்றுவதும்தான், முழு காரையும் மாற்றித் தர வேண்டியதில்லை என்று சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. ஷட்டரை மாற்றினால் கேமரா ஓடும் என்றால் ஷட்டரோடு முடியலாம். நாலு முறை சர்வீஸ் போய் நாலு முறையும் அதே குறை என்று ஜாப் ஷீட் வைத்திருப்பவரின் வழக்குதான் வலுவாக நிற்கும்.

குறை தயாரிப்பிலேயே உள்ளதா, கையாண்டதில் வந்ததா என்ற சண்டை வந்தால் ஆணையம் கேமராவை பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பலாம். அதற்கான கட்டணத்தை முதலில் புகார்தாரரைக் கட்டச் சொல்லலாம். இது கொஞ்சம் கையைக் கடிக்கும். சோதனை தேவைப்படாத வழக்கை 3 மாதத்திலும், தேவைப்படும் வழக்கை 5 மாதத்திலும் முடிக்க முயற்சிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. நடைமுறையில் அதைவிட இழுக்கும். நாடு முழுவதும் ஆணையங்களில் தலைவர், உறுப்பினர் பதவிகள் காலியாகக் கிடப்பதை 2021-ல் சுப்ரீம் கோர்ட்டே தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது என்றால் நிலைமையைப் பார்த்துக்கொள்ளலாம். அதுவரை தவணை மட்டும் நிற்காது. கேமரா பழுது என்று தவணையை நிறுத்தினால் கடன் கொடுத்த பைனான்ஸ் கம்பெனி வேறு துரத்தும், அடுத்த கடனும் கிடைக்காது.

கம்பெனி வேண்டுமென்றே வாய்தா வாங்கி இழுப்பதற்கு மட்டும் ஒரு கடிவாளம் விழுந்திருக்கிறது. நோட்டீஸ் கிடைத்ததில் இருந்து பதில் மனு போட 30 நாள், கூடுதலாக 15 நாள். 45 நாளுக்கு மேல் ஒரு நாள்கூட நீட்டிக்க முடியாது என்று சுப்ரீம் கோர்ட்டின் 5 நீதிபதிகள் அமர்வு 2020 மார்ச்சில் தீர்ப்பு சொன்னது. மாவட்ட ஆணையத்தில் தோற்ற கம்பெனி மாநில ஆணையத்துக்கு 45 நாளில் அப்பீல் போகலாம். சும்மா போக முடியாது. கொடுக்கச் சொன்ன தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும். அப்பீலும் போகாமல், உத்தரவையும் மதிக்காமல் டிமிக்கி கொடுத்தால் ஒரு மாதத்தில் இருந்து 3 வருஷம் வரை ஜெயில், அல்லது 25 ஆயிரத்தில் இருந்து ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம்.